பச்சிளம் பிள்ளைக்கு ஊசி குத்தும் நேரத்தில்: தாய்ப்பாலா, நெஞ்சோடு அணைப்பதா, சீனிக் கரைசலா?

இலங்கையின் மலையகத்தில் வைத்தியசாலையில் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளையும் வீடு போய்ச் சேருவதற்கு முன்பே ஊசியைச் சந்தித்துவிடுகிறது. இடது மேற்கையில் காசநோய்க்கு எதிரான பிசிஜி தடுப்பூசி போடுகிறார்கள். பிறவித் தைரொயிட் குறைபாட்டைக் கண்டறிவதற்காகக் குதிகாலில் குத்திச் சில துளி இரத்தம் எடுக்கிறார்கள். உடம்பு மஞ்சள் பூத்தால், அதற்குக் காரணமான பிலிரூபின் என்ற பொருளின் அளவை இரத்தத்தில் பார்ப்பதற்காக அதே குதிகாலில் மறுபடியும் குத்துகிறார்கள். மாதம் குறைந்தோ நிறை குறைந்தோ பிறந்த பிள்ளைக்கு இது ஒரு நாளில் பல தடவை நடக்கலாம். நிறை குறைந்த பிறப்புகள் தோட்டப்புறங்களில் நாட்டின் சராசரியைவிட அதிகம் என்பதால், நம் தாய்மாருக்கு இது தூரத்துச் செய்தியன்று.

இந்த வலியை மருந்தில்லாமல் தணிப்பதற்கு ஆய்வுகளில் தேறிய வழிகள் பல உள்ளன. அவை எல்லாம் ஒரே அளவு பலன் தருவன அல்ல. எல்லாப் பிள்ளைக்கும் எல்லா வேளைக்கும் பொருந்துவனவும் அல்ல. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாய் பக்கத்தில் இருக்க முடிந்தால், பிள்ளைக்கு உறிஞ்சிக் குடிக்கத் தெரிந்தால், தாய்ப்பால் ஊட்டிக்கொண்டே ஊசி போடுவதற்கு நிகரான வழி வேறில்லை. அது இயலாதபோது வெறும் நெஞ்சோடு அணைப்பது அடுத்தது. தாய் வரவே முடியாத நேரத்துக்குச் சீனிக் கரைசல். ஏனையவை இம்மூன்றுக்கும் துணை நிற்பவை.

பச்சைப் பிள்ளைக்கு வலி தெரியாது என்ற எண்ணம் சாமானிய மக்களிடம் மட்டும் இருந்ததன்று. 1980களின் நடுப்பகுதி வரைக்கும் மேலைநாட்டுப் பெரிய வைத்தியசாலைகளிலேயே குறைமாதப் பிள்ளைகளுக்குப் போதிய வலிநிவாரணி இன்றிச் சத்திரசிகிச்சை செய்யும் வழக்கம் இருந்தது. 1987ஆம் ஆண்டு கன்வல்ஜீத் ஆனந்த் என்ற வைத்தியரும் அவருடைய சகாக்களும், சத்திரசிகிச்சையின்போது வலிநிவாரணி பெற்ற குறைமாதப் பிள்ளைகளின் உடல், அதைப் பெறாத பிள்ளைகளின் உடலைவிட எவ்வளவோ குறைவாக அதிர்ச்சியுறுவதையும் பின்னர் ஏற்படும் சிக்கல்களும் குறைவதையும் காட்டிய பிறகுதான் அந்த வழக்கம் ஆட்டங்கண்டது. இன்று வலியைப் பிள்ளையின் முகத்திலிருந்தே வாசிக்கிறோம்: புருவங்கள் நடுவில் புடைத்து இறங்கும், கண்கள் இறுக மூடும், மூக்கிலிருந்து வாயோரம் வரை ஒரு மடிப்பு ஆழமாக விழும், வாய் அகலத் திறக்கும். சத்தம் அதற்குப் பிறகுதான் வரும். மிகவும் மாதம் குறைந்த பிள்ளை அழாமலே துவண்டு கிடக்கலாம்; அதை 'நல்ல பிள்ளை, அழவே இல்லை' என்று எடுத்துக்கொள்வதுதான் என் மனதை மிகவும் வருத்தும் தவறு, ஏனென்றால் அழுவதற்குக்கூடத் தெம்பில்லாத பிள்ளைக்கே நம் கவனம் அதிகம் தேவை.

தாய்ப்பாலைப் பற்றிய சான்று மிகத் தெளிவானது. பிரான்சில் நடந்து 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நிறைமாதத்தில் பிறந்த 180 பிள்ளைகளை நான்கு குழுக்களாகப் பிரித்து, நாளத்தில் ஊசி குத்தி இரத்தம் எடுக்கும்போது அவர்களுடைய வலியைப் பத்துப் புள்ளி அளவுகோலில் அளந்தார்கள். பால் குடித்துக்கொண்டிருந்த பிள்ளைகளின் நடு மதிப்பு 1. முப்பது சதவீதக் குளுக்கோஸ் கரைசல் கொடுத்துச் சூப்பியும் வைத்த பிள்ளைகளுக்கு அது 3. வெறும் தண்ணீர் கொடுத்த பிள்ளைகளுக்கு 10. நாம் நின்று கவனிக்க வேண்டியது நான்காவது குழுவை: தாயின் கையில் இருந்தும் பால் குடிக்காத பிள்ளைகளின் மதிப்பும் 10 தான். உடுப்பும் துணியும் சுற்றிய பிள்ளையைத் தாய் சும்மா ஏந்திக்கொண்டிருந்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு இந்த எண் ஒரு பதில். தாய் அங்கே இருப்பது அவசியம். ஆனால் வலியைத் தணிப்பது அந்தச் சப்பலும், விழுங்கலும், பாலின் சுவையும், தோலின் சூடும் ஒன்றுசேர்ந்து செய்யும் வேலை. கறந்த தாய்ப்பாலைச் சொட்டுச் சொட்டாக நாக்கில் விடுவதற்குப் பலன் கொஞ்சம் உண்டாயினும், மார்பில் குடிப்பதற்கு அது ஈடாவதில்லை.

செய்யும் விதத்தில்தான் பலன் இருக்கிறது. ஊசியை எடுத்த பிறகு அவசரமாக மார்பில் வைத்தால், வாய் பற்றுவதற்குள் குத்தி முடிந்துவிடும். சில நிமிடங்களுக்கு முன்பே பிள்ளையை வைத்து, வாய் அகலத் திறந்து மார்பின் கருவட்டத்தைப் பற்றி, தாடை அசைந்து விழுங்கும் சத்தம் கேட்கத் தொடங்கிய பிறகே தாதி குதிகாலைத் தொட வேண்டும். தாய் முதுகு சாய்த்து உட்கார்ந்திருக்க, பிள்ளையின் ஒரு கால் மட்டும் கம்பளிக்கு வெளியே அவருடைய முழங்கைக்குக் கீழாகத் தொங்கும்; தாதி பக்கத்தில் தாழ்வான ஸ்டூலில் அமர்ந்து அந்தக் காலைத் தன் இடது கையில் தாங்கிக்கொண்டால், குத்துவதற்கு வேண்டிய இடமும் வெளிச்சமும் கிடைத்துவிடும். குத்தும் கணத்தில் பிள்ளை உறிஞ்சுவதை நிறுத்தும், கால் விரல்கள் விரியும், ஒரு மூச்சு இழுக்கும், பெரும்பாலும் மறுபடியும் உறிஞ்சத் தொடங்கிவிடும். இதைக் கண்ணால் கண்ட தாதி பிறகு பிள்ளையை மேசைக்குக் கொண்டுபோக மனம் ஒப்பமாட்டார். இரத்தம் எடுத்து முடிந்து பஞ்சை வைத்த பிறகும் குடிப்பதை நிறுத்த வேண்டாம்.

வீட்டுப் பெரியவர்கள் இதற்கு இரண்டு தடை சொல்வார்கள். ஊசி குத்தும்போது பால் குடித்தால் புரையேறும் என்பது ஒன்று. நிறைமாதப் பிள்ளைகளில் நடந்த ஆய்வுகளில் அப்படியொரு ஆபத்து வெளிப்படவில்லை. பிள்ளை வீரிட்டு அழத் தொடங்கினால் தலையைச் சற்று உயர்த்தி, அழுகை தணிந்ததும் மறுபடி வைத்தால் போதும். ஊசி வலியையும் பாலையும் சேர்த்து நினைவில் வைத்துப் பிள்ளை பாலையே வெறுத்துவிடும் என்பது இரண்டாவது. அதற்கும் சான்று இல்லை. தடுப்பூசி வலியைக் குறைப்பது பற்றி 2015இல் உலக சுகாதார அமைப்பு வெளியிட்ட பரிந்துரையிலும், ஊசியின்போதோ அதற்குச் சற்று முன்னதாகவோ தாய்ப்பால் ஊட்டும்படியே சொல்லப்பட்டுள்ளது.

இவற்றைவிடப் பெரிய தடை விடுதிக்குள்ளேயே இருக்கிறது. நெருக்கமான விடுதியில், ஆண் வைத்தியருக்கு முன்னால் மார்பைத் திறக்க எந்தத் தாய்க்கும் கூச்சம் இருக்கும்; தோளில் ஒரு துவாயைப் போட்டுவிட்டால் அது தீரும், அதை எடுத்துக் கொடுக்க யாருக்காவது தோன்ற வேண்டும் என்பதுதான் காரியம். மொழி அதைவிடப் பெரிய சுவர். சிங்களம் சரளமாக வராத இளம் தாய், பிள்ளையை வாங்கிக்கொண்டு போகும் கையைத் தடுத்து ஒரு வார்த்தை பேசத் துணியமாட்டார். கதவுக்கு அந்தப் பக்கம் பிள்ளை அழுவதைக் கேட்டுக்கொண்டு கட்டிலில் அமர்ந்திருப்பார். "மிஸ், புள்ள பால் குடிச்சிக்கிட்டு இருக்கும்போதே ஊசி போடலாமா?" என்ற ஒற்றைக் கேள்வியைக் கர்ப்ப காலக் கிளினிக்கிலேயே குடும்பநல உத்தியோகத்தர் தாய்க்குச் சொல்லிக் கொடுக்கலாம், தெரிந்த மொழியில் கேட்கப் பழக்கியும் விடலாம். கேட்பது தாயின் உரிமை. கேட்டதற்காக முகம் சுளிக்கும் தாதியைவிட, 'சரி, வைத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லும் தாதியரே அதிகம் என்பது என் நம்பிக்கை.

இனி, நெஞ்சோடு அணைப்பது. கங்காரு முறை என்று விடுதிகளில் அறியப்படும் இது, 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், குறைமாதப் பிள்ளைகளுக்குப் போதிய வெப்பப் பெட்டிகள் இல்லாத நெருக்கடியில் தொடங்கியது. நப்கினும் தொப்பியும் மட்டும் அணிந்த பிள்ளையைத் தாயின் வெறும் மார்புக்கு நடுவில் நிமிர்த்தி வைத்து, முதுகைக் கம்பளியால் மூடி விடுவதுதான் முறை. வலி தணிக்கும் ஆற்றல் இதற்குண்டு என்பது பிற்பாடு தெரிய வந்தது. 2000ஆம் ஆண்டு வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், குதிகாலில் குத்தும்போது தாயின் நெஞ்சில் இருந்த நிறைமாதப் பிள்ளைகளின் அழுகை, தொட்டிலில் துணி சுற்றிக் கிடந்த பிள்ளைகளின் அழுகையைவிட 82 சதவீதம் குறைவாக இருந்தது. பின்னர் குறைமாதப் பிள்ளைகளிடமும் இதன் பலன் காணப்பட்டது. தாய்ப்பாலுக்கு அடுத்த இடத்தை நான் இதற்குக் கொடுப்பது, உறிஞ்சவும் விழுங்கவும் மூச்சுவிடவும் ஒருங்கே இயலாத பிள்ளைக்கும், அதாவது ஏறக்குறைய 34 வாரத்துக்கு முன் பிறந்த பிள்ளைக்கும், இது பொருந்தும் என்பதற்காக. குறை ஒன்றுண்டு: நேரம் வேண்டும். குத்துவதற்குப் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்கு முன்பாவது பிள்ளை அங்கே அமைதியடைந்திருக்க வேண்டும். ஆகவே இரத்தம் எடுக்க வருபவர் முன்கூட்டியே தாய்க்குச் சொல்ல வேண்டும்.

மலைநாட்டில் இந்த முறைக்கு எழும் முதல் எதிர்ப்பு குளிரைப் பற்றியது. நுவரெலியாவிலோ கந்தப்பளையிலோ மார்கழி, தை மாத இரவில் பிள்ளையின் சட்டையைக் கழற்று என்றால் எந்தப் பாட்டியும் பதறத்தான் செய்வார். அந்தப் பதற்றத்தில் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் பச்சிளம் பிள்ளையின் உடல் வெகு விரைவில் குளிர்ந்துவிடும். ஆனால் தாயின் தோல் தரும் சூட்டைவிடச் சீரான சூடு மூன்று சட்டைக்குள்ளும் கிடைக்காது. நெஞ்சில் இருக்கும் பிள்ளையின் ஒரு பாதம் மட்டுமே வெளியே தெரிகிறது. மேசையில் கிடத்தும் பிள்ளைக்கோ துணி முழுவதும் விலகிவிடுகிறது. குளிரைக் காரணம் காட்டி மறுக்க வேண்டியது மேசையையே. சிசேரியனுக்குப் பிறகு தாய் எழுந்து வர முடியாத நிலையில், தகப்பன் நெஞ்சைக் கொடுக்கலாம். தாயின் அணைப்போடு ஒப்பிட்டால் தகப்பனின் அணைப்பில் பலன் சற்றே குறைவு என்று ஆய்வில் தெரிந்தாலும், அந்த வித்தியாசம் பெரிதன்று. பார்வை நேரத்தைத் தவிர ஆண்களை உள்ளே விடாத விடுதிகளில் இதற்கென்று ஒரு சலுகை தேவைப்படும். அதை விடுதிப் பொறுப்பாளரிடம் நேரில் கேட்டுவிடுவது நல்லது.

சீனிக் கரைசலைப் பற்றி நிறையத் தவறான எண்ணம் இருப்பதால் நிதானமாகச் சொல்கிறேன். உலகெங்கும் புதுப்பிள்ளை விடுதிகளில் அதிகம் ஆராயப்பட்ட முறை இதுவே. வைத்தியசாலையில் கிருமியற்ற முறையில் தயாரித்த, பொதுவாக 24 சதவீதச் சுக்ரோஸ் கரைசலையோ, அது இல்லாத இடத்தில் 20 முதல் 30 சதவீதக் குளுக்கோஸ் கரைசலையோ, குத்துவதற்கு ஏறக்குறைய 2 நிமிடங்களுக்கு முன் நாக்கின் முன்பகுதியில் விடுவார்கள். குறைமாதப் பிள்ளைக்குச் சில துளிகள் போதும். நிறைமாதப் பிள்ளைக்கு 2 மில்லிலீற்றர் வரை கொடுப்பதுண்டு. இனிப்பு நாக்கில் பட வேண்டும். குழாய் வழியாக நேரே வயிற்றுக்குள் விட்டால் பலன் இல்லை. பலன் சில நிமிடங்களில் கரைந்துவிடும், ஆதலால் வேலை நீண்டால் மறுபடி கொடுக்க வேண்டி வரும்.

முகச் சுளிப்பும் அழுகையும் இதனால் குறைகின்றன என்பதில் ஐயமில்லை. ஆயினும் 2010இல் இலண்டனில் ரெபேக்கா ஸ்லேட்டரும் அவருடைய குழுவினரும் மூளையின் மின்னலைகளையே பதிவு செய்து பார்த்தபோது, சுக்ரோஸ் பெற்ற பிள்ளைகளின் மூளை வலிக்குக் காட்டிய பதிலும் வெறும் தண்ணீர் பெற்ற பிள்ளைகளின் மூளை காட்டிய பதிலும் குறிப்பிடத்தக்க அளவில் வேறுபடவில்லை. வலி குறைகிறதா, வலியைக் காட்டும் முகம் மட்டும் அமைதியடைகிறதா என்ற கேள்வி அன்றிலிருந்து விவாதத்தில் இருக்கிறது. இதற்காகச் சீனிக் கரைசலைத் தள்ளிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தாய் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும்போது, அல்லது பிள்ளையை மட்டும் வேறு ஊருக்கு மாற்றியிருக்கும்போது, ஒன்றும் கொடுக்காமல் குத்துவதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் தாய் அடுத்த கட்டிலிலேயே இருக்க, அவரை அழைப்பதற்குப் பதிலாகச் சீனியைச் சொட்டுவது எனக்கு உடன்பாடில்லை. அளந்து கொடுத்து, கட்டில் குறிப்பில் எழுதி வைக்கவேண்டிய பொருள் இது. அடிக்கடி ஊசி குத்தப்படும் மிகச் சிறிய பிள்ளைகளில் ஒரு நாளில் எத்தனை தடவை கொடுத்தோம் என்ற கணக்கு இருந்தாக வேண்டும்.

வைத்தியசாலையில் கொடுத்தார்களே என்று வீட்டில் சீனித் தண்ணீர் கரைத்துக் கொடுப்பது கூடவே கூடாது. அளவு தெரியாது, தண்ணீரின் சுத்தம் தெரியாது, வயிறு அதில் நிரம்பினால் தாய்ப்பால் குறையும். பிறந்த பிள்ளையின் நாக்கில் இனிப்பைத் தொட்டு வைக்கும் சேனை வழக்கம் இன்னும் உள்ள குடும்பங்கள் தேனை அறவே தவிர்க்க வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் தேன் வழியாகப் பொட்டுலிசம் என்ற நச்சு நோய் வரக்கூடும்.

சூப்பியோ சுத்தமான கையுறை அணிந்த விரலோ வாயில் கொடுத்துச் சப்ப வைப்பதற்கும் ஓரளவு பலனுண்டு, அதுவும் இனிப்போடு சேரும்போது கூடுதலாக. தாய்ப்பால் பழகிவரும் முதல் நாட்களில் சூப்பியை நான் விரும்புவதில்லை, ஆனால் குழாய் வழி உணவு பெறும் குறைமாதப் பிள்ளைக்கு ஊசி நேரத்தில் மட்டும் கொடுப்பதில் தவறில்லை. இரு கைகளாலும் பிள்ளையின் தலையையும் மடக்கிய கால்களையும் கருவறையில் இருந்த வாக்கில் அணைத்துப் பிடிப்பது, குறைமாதப் பிள்ளைகளுக்கு நல்ல துணை. வெப்பப் பெட்டியின் துளை வழியே கைவிட்டு ஒரு தாய் இதைச் செய்ய முடியும். துணியால் இறுக்கமின்றிச் சுற்றுவதும் இந்த வகைதான், பலன் அதைவிடச் சற்றுக் குறைவு. தாலாட்டும் தாயின் குரலும் அமைதி தரும். ஊசி வலிக்குத் தனியாக அவை போதா.

வலியைத் தணிக்கும் முறையைத் தேடுமுன், குத்தும் வேலையையே மாற்ற முடியுமா என்று பார்ப்பது பலருக்குத் தோன்றுவதில்லை. நிறைமாதப் பிள்ளைக்கு, கைதேர்ந்த ஒருவர் புறங்கை நாளத்தில் ஊசியால் இரத்தம் எடுப்பது, குதிகாலில் குத்துவதைவிடக் குறைவாக வலிக்கிறது என்பது பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிந்தது. குதிகாலில் குத்துவதைவிட, போதிய இரத்தம் வராதபோது அதைப் பிசைந்து பிழிவதே பிள்ளைக்குப் பெரும் வேதனை. குதிகாலில்தான் எடுக்க வேண்டுமென்றால், அதற்கென்றுள்ள தானியங்கிக் குத்துக்கருவியால் குதிகாலின் பக்கவாட்டில் குத்த வேண்டும். குதிகாலைச் சூடாக்கி வைப்பது வலியைக் குறைப்பதாகத் தெரியவில்லை. பரசிற்றமோலும் தோலை மரக்கச் செய்யும் களிம்பும் குதிகால் குத்தலுக்குப் பலனளிப்பதில்லை என்பதால், 'மருந்து கொடுத்தாயிற்று' என்ற ஆறுதலை அவற்றிலிருந்து தேட வேண்டாம். இன்று காலையும் மாலையும் தனித்தனியாக எடுக்கவிருந்த இரத்தத்தை ஒரே தடவையில் எடுக்க முடியுமா என்று கேட்பதும், தோல்மீது வைத்தே மஞ்சளை அளக்கும் கருவி இருக்கும் இடத்தில் அதைப் பயன்படுத்தக் கேட்பதும், எந்தச் செலவுமில்லாத வலி நிவாரணம்.

ஆகவே பிசிஜிக்கு என் தேர்வு, இடது கை வெளியே தெரியும்படி வலப்பக்கமாகச் சரிந்து தாயிடம் பால் குடிக்க வைப்பது. மஞ்சள் பூத்த பிள்ளை அதைக் குறைக்கும் நீல வெளிச்சத்தின் கீழ் இருந்தாலும், இரத்தம் எடுக்கும் வேளையை அடுத்த பாலூட்டும் வேளையோடு பொருத்திவிட்டால் வெளியே எடுக்கும் நேரம் வீணாகாது. 32 வாரத்தில் பிறந்து, குழாயில் பால் பெறும் பிள்ளைக்கு நெஞ்சணைப்பு. தாய் இல்லாத இரவில் சீனிக் கரைசலும் கைகளால் அணைத்துப் பிடித்தலும் சேர்ந்து. குறைமாதப் பிள்ளையின் விழித்திரைப் பரிசோதனையில் பாலூட்ட வழியே இல்லை, அங்கும் இந்தச் சேர்க்கைதான். அந்தப் பரிசோதனையின் வலியை இது முழுதாகப் போக்காது. நெஞ்சுக்குழாய் இடுதல், சத்திரசிகிச்சை போன்றவற்றுக்கு இவை எதுவும் போதா. அங்கே வைத்தியர் தரும் வலிநிவாரணியே முதன்மை, இவை அதற்குப் பக்கத் துணையாக மட்டும்.

வீடு வந்த பிறகு 2, 4, 6 மாதங்களில் கிளினிக்கில் போடும் தடுப்பூசிகளுக்கும் தாய்ப்பாலே நல்ல வழி. 2ஆம் மாதத்தில் தாய் பிரசவ விடுமுறையில் இருப்பார். 4ஆம் மாதம் வரும்போது பலர் மலைக்குக் கொழுந்தெடுக்கத் திரும்பியிருப்பார்கள், பிள்ளை தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைக்காம்பராவிலோ பாட்டியிடமோ இருக்கும். கிளினிக் நாளன்று தாய்க்கு அரை நாள் விடுப்புக் கிடைக்கும்படி தோட்டத்தில் முன்கூட்டியே பேசி வைப்பதும், ஊசி முறை வரும்வரை பிள்ளைக்குப் பசி தீரக் கொடுத்துவிடாமல் கொஞ்சம் வைத்திருந்து, பெயர் கூப்பிட்டதும் மார்பில் வைத்துக்கொண்டே உள்ளே போவதும் உதவும். தாயால் வரவே முடியாதென்றால், பாட்டி பிள்ளையைப் படுக்க வைக்காமல் மடியில் நிமிர்த்தி அணைத்துப் பிடித்திருக்கட்டும். ஒன்றுக்கு மேற்பட்ட ஊசி இருந்தால் அதிகம் வலிப்பதைக் கடைசியில் போடும்படி குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்கலாம்.